ஆய்வுக்கு வந்தவர்கள் தட்டியதில் படகு உடைந்தால் யாரிடம், எப்படிக் கேட்பது?

தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கடலூர் முதுநகர்ப் பக்கம், உப்பனாற்றுக் கரையில், மீன்பிடித் தடைக்கால வேலைக்காகக் கரையேற்றி வைத்திருந்த அண்ணனுடைய விசைப்படகு. மர உடம்பு, மேலே ஃபைபர் போர்த்தியது. வருடாந்தரப் பாதுகாப்பு ஆய்வுக்கு வந்த அரசுக் குழுவில் ஒருவர் படகின் முன்பக்கமான அணியத்துக்குக் கீழேயும் அடிமரமான ஏராவை ஒட்டியும் இரும்புச் சுத்தியால் பலமாகத் தட்டியிருக்கிறார். இரண்டு இடத்தில் ஃபைபர் விரிந்துவிட்டது. பிறகு எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். "படகு தரையில் நிற்கிறது, குளிர்நீர் ஏறாது" என்று டிரைவர் சொல்லியும், "ரெண்டு நிமிஷம்தானே" என்று ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓடவிட்டதில் சூடேறி, எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அன்றைக்கு அண்ணன் ஏதோ தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஃபைபர் வேலைக்கு 55,000, எஞ்சினுக்கு 85,000 என்று மதிப்பீடு. கேட்டால், "விரிசல் ஏற்கெனவே இருந்தது, எஞ்சினை உங்கள் ஆள்தான் ஓட்டினார்" என்கிறார்கள். ஜூன் 15 கடலுக்குப் போக வேண்டும். ஆய்வு முடிந்து ஆறு நாள் ஆகிறது. சரிசெய்வதா, அப்படியே வைத்துக்கொண்டு புகார் கொடுப்பதா? புகார் கொடுத்தால் லைசென்ஸிலும் டீசல் மானியத்திலும் கை வைப்பார்களா?

சரிசெய்யுங்கள். ஆனால் நாளைக்கே கை வைக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பத்து நாளில்தான் உங்கள் பணம் இருக்கிறது. அந்தப் பத்து நாளை எப்படிச் செலவழிப்பது என்பதைத்தான் நீளமாக எழுதப் போகிறேன்.

நான் தேவனாம்பட்டினத்துக்காரன். படகுக் காப்பீட்டுக்கு சேத மதிப்பீடு செய்யும் சர்வேயர் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். ஆனால் இதில் நான் கற்ற முதல் பாடம் வேலையில் கற்றதல்ல. என் அப்பாவின் படகைக் கடலில் சோதனைக்கு நிறுத்திய ஒரு ரோந்துப் படகு, பக்கத்தில் அணையும்போது டயர் கட்டாமல் வந்து மோதியது. மேல்விளிம்புப் பலகை எட்டடி நீளத்துக்குப் பிளந்துபோயிற்று. அப்பா மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகையை மாற்றிவிட்டார். பழைய பலகை அடுப்புக்குப் போயிற்று. மனு போட்டார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது: சேதம் நிரூபிக்கப்படவில்லை. அந்தக் கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. நிரூபிக்க எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். அப்பா கடைசி வரைக்கும் "அநியாயம் பண்ணிட்டானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அநியாயம்தான். அந்தப் பலகையை மட்டும் கொல்லையில் சாத்தி வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் அவசர அவசரமாக வந்து இறங்கிய ஃபைபர் படகுகளில் எத்தனை எத்தனை ஓடு (படகின் வெளி உடம்பு) மெலிந்தவை என்று கையால் தொட்டுப் பார்த்தவன் நான். உயிர்காப்பு மிதவை, தகவல் கருவி, ஓட்டின் உறுதி இவற்றையெல்லாம் யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்; படகுகள் எல்லாம் ஓரிடத்தில் நிற்கிற ஒரே காலம் அதுதான். ஒரே நாளில் வரிசையாக நிற்கிற படகுகளைப் பார்த்து முடிக்க வேண்டிய அவசரத்தில்தான் இந்தத் தவறுகள் நடக்கின்றன. ஆய்வு செய்ய அதிகாரம் உண்டு. கவனக்குறைவாக ஆய்வு செய்ய அதிகாரம் கிடையாது. உங்கள் வழக்கு இந்த இரண்டாவது வாக்கியத்தில் மட்டும் நிற்க வேண்டும். "எங்கள் படகை ஏன் சோதித்தார்கள்" என்று ஆரம்பித்தீர்களானால் முதல் வரியிலேயே தோற்றுப்போவீர்கள்.

இப்போது விரிசலுக்கு வருவோம். "ஏற்கெனவே இருந்தது" என்பதுதான் எப்போதும் வருகிற பதில். அதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. படகே பதில் சொல்லும். ஃபைபரில் புதிதாக விழுந்த உடைப்பு சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். நார்கள் கூர்மையாக, கையில் குத்துகிற மாதிரி நிற்கும். அடி விழுந்த புள்ளியைச் சுற்றி நட்சத்திரம் போல மெல்லிய கோடுகள் ஓடும். பழைய விரிசலில் அழுக்கும் பாசியும் ஏறியிருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும், உள்ளே மஞ்சளித்திருக்கும். பக்கத்தில் ஆணி இருந்தால் துருக்கறை வழிந்திருக்கும். போர்த்திய படகு என்பதால் இன்னொன்றும் உண்டு: பழைய விரிசலாக இருந்தால் அதற்கடியில் உள்ள மரம் ஈரம் குடித்துக் கறுத்திருக்கும், புளித்த வாடை அடிக்கும். புது விரிசலுக்கு அடியில் மரம் காய்ந்து தன் நிறத்தோடு இருக்கும். கரையேற்றிப் பல நாள் காய்ந்த படகில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து விரிசலில் இருந்து வெளிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டு விடாத இடம் "டிக் டிக்" என்று கேட்கும், விட்டுப்போன இடம் "டொப்" என்று செத்த சத்தம் கொடுக்கும். அந்த எல்லையைச் சாக்கட்டியால் வரைந்துவிடுங்கள். ஒரு வாரத்தில் விழுந்த அடியென்றால் அந்த வட்டம் பெரும்பாலும் அடி விழுந்த இடத்தை நடுவாக வைத்துச் சிறியதாக இருக்கும். பல வருஷமாக நீர் புகுந்த ஓடென்றால் அது தாறுமாறாகப் பரந்திருக்கும்.

இதில் உண்மையை மறைக்காமல் பார்க்க வேண்டும். நீங்களே தட்டிப் பார்க்கும்போது ஒரு இடத்தில் உள்ளே மரம் உளுத்திருப்பது தெரிந்தால், அந்த இடத்தைக் கோரிக்கையில் சேர்க்காதீர்கள். இரண்டு விரிசலில் ஒன்று பழையது என்று அவர்கள் காட்டிவிட்டால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். உளுத்த இடத்தை உங்கள் செலவில் தனியாகச் சரிசெய்துகொள்ளுங்கள். அதை ஆய்வு கண்டுபிடித்துக் கொடுத்தது என்றால் அது நல்லதுதான்.

தட்டிப் பார்ப்பது சரியான முறைதானே என்று கேட்பார்கள். ஆமாம், சரியான முறைதான். ஃபைபர் ஓட்டை நாணயத்தாலோ, மரச் சுத்தியாலோ, பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியாலோ, காது கேட்கிற அளவுக்கு மெதுவாகத் தட்டுவார்கள். அது சத்தம் கேட்பதற்கான தட்டல், உடைத்துப் பார்ப்பதற்கானது அல்ல. கனமான இரும்புச் சுத்தியால் ஓங்கி அடித்தால் நல்ல ஓட்டிலும் ஜெல்கோட் என்ற மேல்பூச்சு விரியும். சுத்தி எது, எத்தனை பேர் பார்த்தார்கள், பக்கத்துப் படகிலும் அதே சுத்தியால் அடித்தார்களா, அங்கேயும் தழும்பு உண்டா? அன்றைக்கு வரிசையில் நின்ற நாலு படகிலும் ஒரே மாதிரி அரைவட்டத் தழும்பு இருக்கிறதென்றால், அதைவிட வலுவான சாட்சி கிடையாது. போய்ப் பாருங்கள். அந்தப் படகுக்காரர்களுக்குச் சேதம் இல்லாவிட்டாலும், தழும்பைப் படம் எடுக்க விடுவார்கள்.

எஞ்சின் விஷயம் கொஞ்சம் சிக்கல். கடல்நீரை உறிஞ்சிக் குளிர்விக்கிற எஞ்சினை நீர் இல்லாமல் ஓட்டினால் முதலில் சாவது கடல்நீர் பம்புக்குள் சுற்றுகிற ரப்பர் இம்பெல்லர். அதற்கு நீர்தான் மசகு. வறண்டு சுற்றினால் ஓரிரு நிமிஷத்திலேயே இறக்கைகள் கருகிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டுகள் வெப்பமாற்றியின் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கட் போகும். ஆக, கருகிய இம்பெல்லர், குழாயில் அடைத்த ரப்பர்த் துண்டு, எரிந்த கேஸ்கட், இவை மூன்றும் சேர்ந்து "நீரில்லாமல் ஓடியது" என்று எழுத்துப் போட்டுச் சொல்லும். மெக்கானிக் கழற்றும்போது வீடியோ எடுங்கள். எஞ்சின் எண் தெரிகிற மாதிரி தொடங்கி, வெட்டாமல், பம்பைத் திறக்கிற வரை ஒரே ஓட்டமாக எடுங்கள். துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, தேதி எழுதி, மெக்கானிக்கும் வெளியாள் ஒருவரும் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

ஆனால் சாவியைத் திருப்பியது உங்கள் டிரைவர். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கு என்று போனால், இரண்டு பக்கமும் கவனக்குறைவு இருந்தது என்று சொல்லித் தொகையைக் குறைக்க இடமிருக்கிறது. டிரைவர் மறுத்தார், ஆணையாகச் சொன்னதால்தான் ஓட்டினார் என்பதைப் பக்கத்தில் நின்றவர்கள் சொல்ல வேண்டும். டிரைவர் சொன்ன வார்த்தைகள், அதற்கு வந்த பதில், எத்தனை மணி, யார் யார் நின்றார்கள் என்று அவரவர் கைப்பட இன்றைக்கே எழுதி வாங்குங்கள். ஒரே மாதிரி வார்த்தைகளில் நாலு பேர் எழுதினால் சொல்லிக்கொடுத்து எழுதியது என்று தெரிந்துவிடும். அவரவர் பார்த்ததை அவரவர் மொழியில் எழுதட்டும். என் கணிப்பைக் கேட்டால், ஃபைபர் சேதத்தில் முழுத் தொகைக்கும் உங்களுக்கு வலு இருக்கிறது. எஞ்சினில் பாதிக்கு மேல் கிடைத்தால் நல்ல முடிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸப்பில் அனுப்பிய படம் சுருங்கிப்போன படம். எந்த போனில் எடுத்தீர்களோ அந்த போனில் அசலை அழிக்காமல் வையுங்கள், போனையும் விற்றுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்க ஒரு சான்று தர வேண்டும். அதற்கு அசல் பதிவு இருந்தால்தான் வேலை சுலபம். ஒவ்வொரு விரிசலையும் மூன்று விதமாக எடுங்கள்: பதிவு எண்ணோடு படகு முழுதும் தெரிகிற தூரத்தில், விரிசல் படகில் எங்கே இருக்கிறது என்று தெரிகிற தூரத்தில், பிறகு பக்கத்தில் நாணயம் வைத்துக் கிட்டத்தில்.

இனி முக்கியமான கடிதம். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுப்பார்கள்: "ஏழை மீனவன், கருணை கூர்ந்து உதவ வேண்டுகிறேன்." கருணை மனுவுக்குக் கருணைப் பதில்தான் வரும். நீங்கள் உதவி கேட்கவில்லை, உங்களுக்கு நேர்ந்த இழப்பைக் கேட்கிறீர்கள். குழுவை அனுப்பிய அலுவலகத்தின் தலைமைக்கு இப்படி எழுதுங்கள்:

"எங்கள் படகு (பதிவு எண்) இன்ன தேதி இன்ன நேரத்தில் உங்கள் அலுவலகக் குழுவால் ஆய்வு செய்யப்பட்டது. ஆய்வின்போது இரும்புச் சுத்தியால் தட்டியதில் ஓட்டில் இரண்டு இடங்களிலும், கரையில் நீரின்றி எஞ்சினை ஓட்டச் சொன்னதில் எஞ்சினிலும் சேதம் ஏற்பட்டது. இணைப்பில் படங்களும் மதிப்பீடும் உள்ளன. சேதத்தை உங்கள் தரப்பினர் நேரில் பார்த்துப் பதிவு செய்ய இன்ன தேதி காலை 10 மணிக்குப் படகு திறந்து வைக்கப்படும். ஜூன் 15 அன்று தொழிலுக்குப் போக வேண்டியிருப்பதால் அதற்கு மறுநாள் பழுதுபார்ப்பு தொடங்கும். இழப்பீடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இதை எழுதுகிறோம். ஆய்வுக்கு எங்கள் ஒத்துழைப்பு எப்போதும் போல் தொடரும்."

இதில் உயிர் எங்கே இருக்கிறதென்றால், தேதி குறித்துக் கூப்பிடுவதில். நாலைந்து வேலை நாள் இடைவெளி கொடுத்தால் போதும். வந்தார்களானால் அவர்கள் முன்னிலையில் சேதம் பதிவாகும். வராவிட்டால், "பார்க்கக் கூப்பிட்டும் வரவில்லை" என்பது உங்கள் கையில் இருக்கும். இரண்டில் எது நடந்தாலும் மறுநாள் வேலையை ஆரம்பித்துவிடலாம். படகை உடைந்தபடியே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து, அந்த நாளுக்கெல்லாம் வருமானம் கேட்டால் எந்த நீதிமன்றமும் ஒப்பாது. நஷ்டம் பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பாதிக்கப்பட்டவரின் கடமையும்தான். கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போடாமல் தபால் நிலையம் போய், பதிவு செய்து ஒப்புகையோடு அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டதால், கவுன்ட்டரில் பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

குறித்த நாளில் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரைக் கூப்பிட்டு வந்து அறிக்கை எழுதி வாங்குங்கள். செலவு ஆகும்தான். 1,40,000 ரூபாய் கோரிக்கைக்கு அந்தச் செலவு தகும். ஊர்ப் பஞ்சாயத்தார் இரண்டு பேரும் விசைப்படகு உரிமையாளர் சங்கத்திலிருந்து ஒருவரும் அங்கே நிற்கட்டும். அன்றைக்கு வெட்டி எடுக்கிற ஃபைபர்த் துண்டையும் பத்திரப்படுத்துங்கள். என் அப்பாவின் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வன்று அண்ணன் ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் நகல் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடுங்கள்: அன்றைய ஆய்வு அறிக்கை, குழுவில் இருந்தவர்களின் பதவிகள், ஆய்வு எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வழிகாட்டுதல், இவற்றின் நகல்கள். "ஏன் செய்தீர்கள்" என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. அறிக்கையில் "ஓடு நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதியிருந்தால், "விரிசல் ஏற்கெனவே இருந்தது" என்ற பேச்சு அந்த இடத்திலேயே முடிந்தது. போன வருஷ ஆய்வுச் சான்று வீட்டில் இருந்தால் அதையும் தேடி எடுங்கள்.

அடுத்து காப்பீடு. படகுக்குப் பாலிசி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வங்கிக் கடனில் கட்டிய படகென்றால் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் இன்றைக்கே தகவல் சொல்லுங்கள். ஆறு நாள் ஆகிவிட்டது, இதற்கு மேல் தாமதம் ஆகாது. அவர்களே சர்வேயரை அனுப்புவார்கள். பாலிசிப்படி நீங்களே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை போக, மீதியை அங்கே கேட்கலாம். காப்பீடு கொடுத்தால் அரசிடம் கேட்க முடியாதா என்று கேட்பீர்கள். காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த தொகை அளவுக்கு, சேதம் செய்தவர்களிடம் கேட்கிற உரிமை அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 79-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. மிச்சத் தொகைக்கு உங்கள் உரிமை உங்களிடமே இருக்கும். இதில் ஒரு பொறி உண்டு. அலுவலகத்தில் யாராவது நயமாகப் பேசி, "புகார் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, ஏதாவது பண்ணித் தர்றோம்" என்பார்கள். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தால் அரசிடம் உள்ள உரிமையும் போகும்; நிறுவனத்தின் உரிமையை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று காப்பீடும் மறுக்க வாய்ப்பிருக்கிறது. கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசு மேலேயே இழப்பீடு கேட்க முடியுமா என்ற சந்தேகம் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. முடியும். 1962-இல் வித்யாவதி வழக்கில், ராஜஸ்தான் அரசு ஜீப் ஓட்டுநரின் கவனக்குறைவால் ஒருவர் இறந்ததற்கு அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றே வருஷத்தில், 1965-இல் கஸ்தூரிலால் வழக்கில், போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தை ஒரு தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டதற்கு, அது அரசின் இறையாண்மைச் செயல், பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் இன்றைக்கும் அரசு வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். உங்களுக்குத் துணைக்கு வருவது 1994-இல் வந்த நாகேந்திர ராவ் வழக்கு. ஆந்திராவில் ஒரு வியாபாரியின் உர மூட்டைகளை அதிகாரிகள் பறிமுதல் செய்து, காபந்து பண்ணாமல் கெட்டுப்போக விட்டார்கள். சட்டப்படி கிடைத்த அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது அதிகாரி கவனக்குறைவாக இருந்தால் அரசு நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சட்ட அதிகாரி, ஒரு குடிமகனின் உடைமை, கவனமில்லாத கை. உங்கள் படகு அந்த மூட்டைகளின் வரிசையில்தான் நிற்கிறது. நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு வழக்குப் போட முடியாது என்ற பிரிவையும் எடுத்து வைப்பார்கள். டிரைவர் எச்சரித்த பிறகும் ஓட்டச் சொன்னார்கள் என்பது அதற்கு எதிராக நிற்கும். சாட்சிகளின் கைப்பட எழுதியதை வாங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

காலக்கெடுவைக் கவனியுங்கள். அரசு மேலோ, கடமையில் செய்ததற்காக அதிகாரி மேலோ வழக்குப் போடுவதற்கு முன்னால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின் கீழ் அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதை அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ கொடுக்கலாம். மத்திய அரசின் படையோ துறையோ என்றால் அந்தத் துறைச் செயலாளருக்குப் போக வேண்டும். சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு நஷ்டஈடு கேட்க காலவரம்புச் சட்டம் 72-ஆம் உறுப்பு கொடுப்பது ஒரே ஒரு வருஷம். அறிவிப்புக்கான இரண்டு மாதம் அந்த ஒரு வருஷக் கணக்கில் சேராது என்றாலும், மூன்று வருஷம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அடுத்த தடைக்காலம் ஆரம்பிப்பதற்குள் வழக்கு பதிவாகியிருக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வழக்குக்கு முன்னால் ஒரு கதவைத் தட்டச் சொல்வேன்: கடலூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடாமலேயே விஷயத்தை மக்கள் நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி அங்கே மனு கொடுக்கலாம். அலுவலகத்தையும் உங்களையும் ஒரு மேஜையில் உட்கார வைப்பார்கள். கட்டணம் கிடையாது. ஒத்துப்போனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. ஒன்றரை லட்சத்துக்குள் உள்ள, ஆவணம் சுத்தமாக இருக்கிற கோரிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. படகு அண்ணி பெயரில் பதிவாகியிருந்தால் இன்னொரு வசதி: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று யாராவது உசுப்பிவிடுவார்கள். "அடித்தார், அடிக்கவில்லை" என்று உண்மை பற்றியே தகராறு இருக்கும்போது ரிட்டில் அதைத் தீர்க்க மாட்டார்கள். சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள். நுகர்வோர் நீதிமன்றமும் இதற்கில்லை, ஆய்வு நீங்கள் விலைக்கு வாங்கிய சேவை அல்ல. போலீஸ் புகாரும் வேண்டாம். வேண்டுமென்றே கெடுத்தால்தான் அது குற்றம், கவனக்குறைவு அதில் வராது. புகார் கொடுத்து அது முடித்துவைக்கப்பட்டால் அந்தத் தாளையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

இதே சேதம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலோ வீராம்பட்டினத்திலோ நடந்திருந்தால் சான்று சேர்க்கிற முறை ஒரு எழுத்துக்கூட மாறாது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அறிவிப்பு யார் பெயருக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முகவரி தப்பினால் இரண்டு மாதம் வீணாகும்.

வருமான இழப்பைப் பற்றி: ஜூன் 14 வரை யாரும் கடலுக்குப் போகவில்லை, அதனால் அந்த நாளுக்குக் கேட்க முடியாது. எஞ்சின் பாகம் வராமல் ஜூன் 15-க்கு மேல் எத்தனை நாள் படகு நின்றதோ அதற்குத்தான் கேட்கலாம். அதற்கு முந்தைய வருஷங்களின் ஜூன், ஜூலை கணக்கு வேண்டும்: ஏலச் சீட்டு, டீசல் போட்ட பதிவு, ஐஸ் பில், பங்கு பிரித்த நோட்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துப் போட்ட பிறகு சேதம் பார்க்கப் போன இடமெல்லாம் நான் பார்த்தது, நோட்டு வைத்திருந்தவர்களும் வைக்காதவர்களும் என்ற இரண்டே வகை ஜனம்தான். பங்கு நோட்டு எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தாலும் பரவாயில்லை, புதிதாக நகல் எழுதி வைக்காதீர்கள். பழைய நோட்டு பழையதாகத் தெரிவதுதான் அதன் மதிப்பு.

கடைசியாக உங்கள் பயம். லைசென்ஸும் மானியமும் சட்ட விதிப்படி நடப்பவை, இழப்பீடு கேட்டதற்காக அவற்றை நிறுத்த விதி கிடையாது. அதற்காக உரசலே வராது என்று நான் சொல்ல மாட்டேன். உரசல் வராமல் இருக்க நான் கண்ட வழி, கடிதத்தில் ஆளைத் திட்டாமல் நடந்ததை மட்டும் எழுதுவது, தனியாகப் போகாமல் சங்கத்தோடும் பஞ்சாயத்தாரோடும் போவது, உங்கள் பக்கம் உள்ள தாளையெல்லாம் குறையில்லாமல் வைப்பது. பதிவு, மிதவை, நிறம், வலையின் மடிக்கண் அளவு, எதிலும் ஓட்டை இருக்கக் கூடாது. மீனவர் குறைதீர் கூட்டத்தில் இதைப் பேசலாம், பேசினால் பதிவாகும். ஆனால் அங்கே பேசினது கடிதத்துக்கு மாற்று ஆகாது.

பழுதுபார்த்து முடிந்ததும் மறு ஆய்வுக்கு எழுத்தில் கேளுங்கள். அவர்கள் வருகிற அன்று படகை ஆற்றில் இறக்கி வையுங்கள், தரையில் வைக்காதீர்கள். கடல்நீர் வால்வு திறந்திருக்கட்டும். ஒருவர் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை போனில் எடுக்கட்டும். எடுப்பதை மறைக்காமல், "பதிவு பண்றோம் சார்" என்று சொல்லிவிட்டே எடுக்கட்டும். அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது முழுதும் படித்துவிட்டு, கீழே "முந்தைய ஆய்வில் ஏற்பட்ட சேதம் குறித்த கோரிக்கை நிலுவையில் உள்ளது" என்று ஒரு வரி கைப்பட எழுதிவிட்டுப் போடச் சொல்லுங்கள் அண்ணனை.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், இன்று சாயங்காலமே மெக்கானிக் பட்டறைக்குப் போய், ஏற்கெனவே கழற்றியிருந்தால் அந்தப் பழைய இம்பெல்லரையும் கேஸ்கட்டையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். ஆறு நாள் ஆகிவிட்டது. பழைய இரும்புக்காரர் வாரம் ஒருமுறை வண்டி கொண்டுவருவார்.